பொதுமக்களின் அறிவியல் அறிவை அளந்த வினாக்கள்: ஒரு வரலாறு

"எலக்ட்ரான் அணுவைவிடச் சிறியது." "ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைப் போலவே வைரஸையும் கொல்லும்." இத்தகைய சிறு வாக்கியங்களைப் படித்துக் காட்டி, அவை சரியா தவறா என்று வயதுவந்தோரிடம் கேட்கும் ஆய்வுமுறை கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. இயற்பியல், புவியியல், உயிரியல் ஆகிய துறைகளில் பள்ளி மாணவர் படிக்கும் அடிப்படைச் செய்திகளே இவ்வினாக்களின் உள்ளடக்கம். பள்ளியை விட்டுச் சென்று பல ஆண்டுகள் ஆனவர்களிடம் அந்த அறிவில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அறிவதே இவற்றின் நோக்கம்.

அமெரிக்காவில் 1950களின் இறுதியில் இம்முயற்சி தொடங்கியது. 1988-ஆம் ஆண்டு அமெரிக்க, பிரித்தானிய ஆய்வாளர்களின் கூட்டு முயற்சியில் இன்று அறியப்படும் வினாத்தொகுப்பு உருவானது. பின்னர் ஐரோப்பிய நாடுகள், சீனா, இந்தியா ஆகியவற்றிலும் இதே வினாக்களோ இவற்றை ஒட்டிய வினாக்களோ கேட்கப்பட்டன. கிடைத்த மதிப்பெண்களைக் கொண்டு நாடுகள் ஒப்பிடப்பட்டன. கல்விக் கொள்கைகள் வகுக்கப்பட்டன. சில வேளைகளில் ஒரு மக்கட்பிரிவே அறியாமை மிக்கது என்று முத்திரை குத்தப்பட்டது. ஆகவே அந்த மதிப்பெண் உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து எழுந்துள்ளது.

தொடக்கம்: ஸ்புட்னிக்கிற்கு முன்னும் பின்னும்

1957-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர்களின் தேசியச் சங்கத்திற்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. ஏறத்தாழ 1,900 வயதுவந்தோரிடம் நேரில் பேட்டி காணப்பட்டது. செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி வழியாக அறிவியல் செய்திகள் மக்களை எவ்வாறு சென்றடைகின்றன என்பதை அறிவதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. போலியோ தடுப்பூசி, குடிநீரில் புளோரைடு சேர்த்தல், அணுகுண்டுச் சோதனைகளால் பரவும் கதிரியக்கத் துகள்கள், செயற்கைக்கோள் ஆகிய நான்கு பொருள்கள் பற்றி மக்களிடம் கேட்கப்பட்டது. நான்குமே அக்காலச் செய்தித்தாள்களில் இடம்பெற்றவை.

அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அடுத்த ஆண்டு அதே ஆய்வு மீண்டும் நடத்தப்பட்டபோது, முதல் ஆய்வில் செயற்கைக்கோள் பற்றிக் கேள்விப்படாதவர்கள் பெருந்தொகையினராக இருந்த நிலை மாறி, பெரும்பாலோர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தனர். ஆனால் செயற்கைக்கோள் எதற்காக ஏவப்படுகிறது என்ற புரிதல் அதே அளவுக்கு உயரவில்லை. ஒன்றைப் பற்றிக் கேள்விப்படுவதும் அதைப் புரிந்துகொள்வதும் வெவ்வேறு என்பதை இந்த முதல் ஆய்வுகளே காட்டின.

ஸ்புட்னிக் ஏற்படுத்திய அதிர்ச்சியில் அமெரிக்கா 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. பள்ளிகளில் அறிவியல், கணிதக் கல்விக்குப் பெரும் நிதி ஒதுக்கப்பட்டது. அறிவியல் அறிவு நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடையது என்ற எண்ணம் பரவியது. அந்த அறிவை அளக்க வேண்டும் என்ற தேவையும் அதனுடன் வலுப்பெற்றது.

வினாத்தொகுப்பு உருவான விதம்

அமெரிக்காவின் தேசிய அறிவியல் வாரியம் 1970களின் தொடக்கத்திலிருந்து நாட்டின் அறிவியல் வளர்ச்சியைக் காட்டும் புள்ளிவிவர அறிக்கைகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிட்டு வந்தது. அறிவியல் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும் அவற்றில் ஓர் இயல் ஒதுக்கப்பட்டது. 1979 முதல் அந்த ஆய்வுகளின் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றியவர் ஜான் டி. மில்லர் என்ற அரசியல் அறிவியலாளர். அறிவியல் எழுத்தறிவு என்பதற்கு மூன்று கூறுகள் உண்டு என்று 1983-இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார். அடிப்படைச் சொற்களையும் கருத்துகளையும் அறிந்திருத்தல், அறிவியல் செயல்படும் முறையைப் புரிந்திருத்தல், சமூகத்தின் மீது அறிவியல் ஏற்படுத்தும் தாக்கத்தை உணர்ந்திருத்தல் ஆகியவை அம்மூன்று கூறுகள்.

பிரித்தானியாவிலும் இதே காலத்தில் இக்கேள்வி எழுந்தது. மரபியல் அறிஞர் வால்டர் பாட்மர் தலைமையில் ராயல் சொசைட்டி அமைத்த குழு, பொதுமக்களிடையே அறிவியல் புரிதலை வளர்க்க வேண்டும் என்று 1985-இல் அறிக்கை அளித்தது. மக்களின் புரிதல் எந்த நிலையில் உள்ளது என்பதற்கு நம்பத்தக்க அளவீடு தேவைப்பட்டது. ஜான் டியூரன்ட் தலைமையிலான பிரித்தானியக் குழுவும் மில்லரும் இணைந்து வினாக்களை வகுத்தனர். 1988-இல் இரு நாடுகளிலும் தலா ஏறத்தாழ 2,000 பேரிடம் அவை கேட்கப்பட்டன.

1989 ஜூலையில் நேச்சர் இதழில் முடிவுகள் வெளியாயின. பூமி சூரியனைச் சுற்றுகிறது, அதற்கு ஓராண்டு ஆகிறது என்ற இரண்டு விடைகளையும் சரியாகச் சொன்னவர்கள் பிரித்தானியாவில் 34 விழுக்காட்டினர். அமெரிக்காவில் 46 விழுக்காட்டினர். செய்தித்தாள்கள் இந்த எண்களைப் பெரிதாக வெளியிட்டன. அவை இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்துக் கிடைத்த எண்கள் என்ற நுட்பம் பல இடங்களில் விடுபட்டது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டு, சுற்றும் காலத்தை ஒரு நாள் என்று சொன்னவரும் "அறியாதவர்" பட்டியலில் சேர்க்கப்பட்டார். பூமி தன்னைத்தானே சுற்றுவதும் சூரியனைச் சுற்றுவதும் பேச்சுவழக்கில் ஒரே "சுற்றுதல்" என்ற சொல்லால் குறிக்கப்படுவதால் ஏற்படும் குழப்பம் பள்ளி மாணவரிடையேயும் காணப்படுவதே.

வினாக்களும் விடைகளும்

இத்தொகுப்பின் பல வினாக்கள் இன்றுவரை ஏறக்குறைய மாறாமல் கேட்கப்படுகின்றன. 2006 முதல் அமெரிக்காவில் இவை சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் நடத்தும் பொதுச் சமூகக் கணக்கெடுப்பின் பகுதியாக உள்ளன. 2012-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் சரியான விடை அளித்தோர் விவரம் பின்வருமாறு:

- பூமியின் மையம் மிகவும் சூடானது (சரி): 84 விழுக்காடு
- கண்டங்கள் பல கோடி ஆண்டுகளாக நகர்ந்து வருகின்றன (சரி): 83 விழுக்காடு
- பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா (பூமியே சூரியனைச் சுற்றுகிறது): 74 விழுக்காடு
- கதிரியக்கம் அனைத்தும் மனிதனால் உண்டாக்கப்பட்டது (தவறு): 72 விழுக்காடு
- குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் மரபணு (சரி): 63 விழுக்காடு
- எலக்ட்ரான் அணுவைவிடச் சிறியது (சரி): 53 விழுக்காடு
- ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸையும் கொல்லும் (தவறு): 51 விழுக்காடு
- லேசர் என்பது ஒலி அலைகளைக் குவிப்பதால் உண்டாகிறது (தவறு): 47 விழுக்காடு

பூமியின் சுற்றுக்காலம் பற்றிய வினாவையும் சேர்த்து ஒன்பது வினாக்கள் கொண்ட அளவுகோலில் அவ்வாண்டின் சராசரி 5.8. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் சராசரி இதை ஒட்டியே இருந்தது.

சராசரி அசையாவிட்டாலும் தனித்தனி வினாக்களின் போக்கு ஒரே மாதிரியாக இல்லை. ஆன்டிபயாடிக் பற்றிய வினாவுக்கு 1988-இல் அமெரிக்கர்களில் நான்கில் ஒரு பங்கினரே சரியாக விடை அளித்தனர். 2012-இல் அது பாதியைத் தாண்டியது. சளி, காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதால் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன என்று இடைப்பட்ட ஆண்டுகளில் மருத்துவர்களும் சுகாதாரத் துறையினரும் தொடர்ந்து எடுத்துரைத்தனர். பள்ளிப் பாடம் முடிந்த பின்னரும் மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் இந்த அறிவு மக்களைத் தேடி வந்தது. லேசரும் எலக்ட்ரானும் அவ்வாறு அன்றாட வாழ்வில் ஒரு முடிவெடுக்கும் கட்டாயத்தோடு வருவதில்லை. லேசர் ஒளி என்பதை அறியாதவரும் கடையில் விலைக்குறியீட்டை லேசரால் படிக்கும் கருவியைப் பயன்படுத்த முடியும்.

ஆண், பெண் விடைகளிலும் வேறுபாடு காணப்பட்டது. இயற்பியல் சார்ந்த வினாக்களில் ஆண்கள் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். உயிரியல் வினாக்களில் பெண்கள் அவர்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ பெற்றனர். எனவே தொகுப்பில் இயற்பியல் வினாக்கள் மிகுந்தால் பெண்களின் அறிவியல் அறிவு குறைவு என்ற முடிவும், உயிரியல் வினாக்கள் மிகுந்தால் அதற்கு மாறான முடிவும் கிடைக்க வாய்ப்புண்டு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா எடுக்கப்படுகிறது என்பதே முடிவின் ஒரு பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது.

சரி, தவறு என்ற வடிவத்திலும் ஒரு குறை உண்டு. எதுவும் அறியாதவர் ஊகித்துச் சொன்னாலும் விடை சரியாக அமையப் பாதி வாய்ப்பு உள்ளது. மாறாக, உறுதியாகத் தெரியாததால் "தெரியாது" என்று நேர்மையாகச் சொல்பவரின் விடை தவறான விடையோடு சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. துணிந்து ஊகிப்பவருக்குச் சாதகமாகவும் தயங்குபவருக்குப் பாதகமாகவும் இவ்வடிவம் அமைகிறது.

அறிவா, நம்பிக்கையா: பரிணாம வினா

இத்தொகுப்பில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானவை இரண்டு வினாக்கள். ஒன்று உயிரியல் சார்ந்தது: "இன்றைய மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து உருவானவர்கள்." மற்றொன்று இயற்பியல் சார்ந்தது: "பிரபஞ்சம் ஒரு பெரும் வெடிப்பில் தொடங்கியது." 2012-இல் முதல் வினாவுக்கு 48 விழுக்காட்டு அமெரிக்கர்களும் இரண்டாவதற்கு 39 விழுக்காட்டினரும் சரி என்று விடை அளித்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-இல் பரிணாம வினாவுக்குச் சரியான விடை அளித்தோர் 70 விழுக்காட்டினர்.

2010-ஆம் ஆண்டு அறிக்கையைத் தயாரித்தபோது தேசிய அறிவியல் வாரியம் இவ்விரு வினாக்கள் பற்றிய பகுதியை நீக்கிவிட்டது. மக்களின் அறிவையும் சமய நம்பிக்கையையும் இவ்வினாக்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பது வாரியத்தின் தரப்பில் கூறப்பட்ட காரணம். சயின்ஸ் இதழ் இதைச் செய்தியாக வெளியிட்டதும் எதிர்ப்பு எழுந்தது. நவீன உயிரியலின் அடித்தளமான ஒரு கருத்தை விட்டுவிட்டு அறிவியல் எழுத்தறிவை அளக்க முடியாது என்று மில்லர் உள்ளிட்டோர் வாதிட்டனர்.

இச்சர்ச்சையைத் தீர்க்க ஒரு சோதனை உதவியது. 2012 கணக்கெடுப்பில் ஒரு பாதியினரிடம் வழக்கமான வாக்கியமும், மறுபாதியினரிடம் "பரிணாமக் கோட்பாட்டின்படி" என்ற தொடர் சேர்க்கப்பட்ட வாக்கியமும் கேட்கப்பட்டன. அந்த ஒரு தொடரைச் சேர்த்ததும் சரியான விடை 48-இலிருந்து 72 விழுக்காடாக உயர்ந்தது. "வானியலாளர்களின் கூற்றுப்படி" என்று சேர்த்ததும் பெருவெடிப்பு வினாவின் சரியான விடை 39-இலிருந்து 60 விழுக்காடாக உயர்ந்தது.

அறிவியல் என்ன சொல்கிறது என்பதை அறிந்திருந்தும் அதை ஏற்றுக்கொள்ளாத மக்கள் கணிசமாக உள்ளனர் என்பது இதனால் தெளிவாயிற்று. அவர்களுக்குப் பாடத்தை மீண்டும் ஒருமுறை விளக்கினால் விடை மாறும் என்று எதிர்பார்க்க இயலாது. அதே வேளையில் இரண்டாவது வடிவத்திலும் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் சரியாக விடை சொல்லவில்லை. அவர்களிடம் இருப்பது அறிவுக்குறைபாடே. பழைய வடிவம் இந்த இரு பிரிவினரையும் ஒரே எண்ணுக்குள் அடக்கியிருந்தது.

கம்பிரியாவின் ஆடு வளர்ப்போர்

பாடநூல் அறிவை மட்டும் அளப்பது போதுமா என்ற கேள்வியைப் பிரித்தானியச் சமூகவியலாளர் பிரையன் வின் எழுப்பினார். அவருடைய ஆய்வுக்களம் வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதி. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நிகழ்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் பெய்த மழையோடு கதிரியக்கச் சீசியம் அம்மலைப் புல்வெளிகளில் இறங்கியது. பாதிப்பு இருக்காது என்று முதலில் கூறிய அரசு, ஜூன் மாதத்தில் ஆடுகளை விற்கவும் இறைச்சிக்கு வெட்டவும் தடை விதித்தது. மூன்று வாரங்களில் தடை நீங்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் தடை நீண்டுகொண்டே போயிற்று. சில பண்ணைகளில் கட்டுப்பாடுகள் 2012 வரை நீடித்தன.

அறிவியலாளர்களின் கணிப்பு தாழ்நிலக் களிமண்ணை அடிப்படையாகக் கொண்டது. களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே புல்லுக்கு அது செல்லாது. கம்பிரியா மலைகளிலோ அமிலத்தன்மை கொண்ட மட்கு மண் மிகுதி. அங்கே சீசியம் மண்ணில் கட்டுப்படாமல் புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும் மீண்டும் மீண்டும் சென்றது. தங்கள் நிலத்தின் இயல்பு, ஆடுகள் மேயும் வழக்கம், விற்பனைக்குரிய பருவம் ஆகியவற்றை ஆடு வளர்ப்போர் நன்கு அறிந்திருந்தனர். அதிகாரிகள் அந்த அறிவைக் கேட்டுப் பெறவில்லை.

"கதிரியக்கம் அனைத்தும் மனிதனால் உண்டாக்கப்பட்டது" என்ற வினாவுக்கு ஓர் ஆடு வளர்ப்பவர் தவறாக விடை சொல்லக்கூடும். ஆனால் தன் மலையின் எந்தச் சரிவில் ஆடுகளை மேய்க்கலாம் என்பது பற்றி அவருக்குத் தெரிந்ததை அளக்க ஒன்பது வினாக்களில் எதற்கும் இயலாது. மக்களிடம் உள்ளது வெறும் குறைபாடு, அதை நிரப்பினால் போதும் என்ற அணுகுமுறை இதற்குப் பின் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2000-ஆம் ஆண்டில் பிரித்தானிய மேலவையின் அறிவியல் குழு வெளியிட்ட அறிக்கை, மக்களுக்குக் கற்பிப்பதோடு அவர்களுடன் உரையாடுவதும் தேவை என்று வலியுறுத்தியது.

இந்தியாவில்

அறிவியல் மனப்பான்மை என்ற தொடரை ஜவகர்லால் நேரு தம் எழுத்துகளில் பரப்பினார். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தின் மூலம் அதை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக அரசியலமைப்பின் 51 அ பிரிவில் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதை எவ்வாறு அளப்பது என்பதில் மேலைநாட்டு வினாத்தொகுப்பை அப்படியே பயன்படுத்துவதில் சிக்கல்கள் இருந்தன. பள்ளிக்கே செல்லாதவர்கள் பெருந்தொகையினராக இருந்த நாட்டில், பள்ளிப்பாட வினாக்கள் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதையே முதலில் அளக்கும்.

கவுகர் ரசா தலைமையிலான ஆய்வாளர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். 1989 முதல் அலகாபாத் கும்பமேளாவில் கூடும் மக்களிடம் அவர்கள் ஆய்வுகளை நடத்தினர். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் படித்தோரையும் படிக்காதோரையும் ஒரே இடத்தில் சந்திக்க முடிந்தது இதன் சிறப்பு. பூமியின் வடிவம், பகலும் இரவும் உண்டாகும் விதம், கிரகணம் போன்றவற்றை மக்கள் எவ்வாறு விளக்குகிறார்கள் என்று கேட்கப்பட்டது. எல்லா அறிவியல் கருத்துகளும் மக்களிடமிருந்து ஒரே தொலைவில் இல்லை என்பது அவர்களின் முடிவு. சில கருத்துகள் குறைந்த பள்ளிக்கல்வி உள்ளவர்களிடமும் பரவியிருந்தன. சில கருத்துகள் நீண்ட கல்விக்குப் பின்னரே வந்து சேர்ந்தன. இந்த இடைவெளியை அவர்கள் "பண்பாட்டுத் தொலைவு" என்று அழைத்தனர். 2004-இல் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழு நாடு தழுவிய பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. அதன் முடிவுகள் இந்திய அறிவியல் அறிக்கையாக வெளிவந்தன.

பன்னாட்டு ஒப்பீட்டில் இடம்பெற்ற ஒரு வினா இந்தியச் சூழலில் தனி முக்கியத்துவம் உடையது. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம் உள்ளது. தந்தையின் விந்தணுவில் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம் உள்ளது. குழந்தையின் பாலினம் விந்தணுவைப் பொறுத்தே அமைகிறது. பெண் குழந்தை பிறந்தால் தாயைப் பழிக்கும் வழக்கம் உள்ள குடும்பத்தில் இந்தப் பள்ளிப்பாடச் செய்தி ஒரு பெண்ணின் மீது சுமத்தப்படும் பழியை அடியோடு மறுக்கிறது. மேலைநாட்டு ஆய்வில் ஒன்பதில் ஒரு மதிப்பெண்ணாக மட்டும் எண்ணப்படும் வினா, இங்கே ஒருவர் வீட்டில் எப்படி நடத்தப்படுகிறார் என்பதோடு இணைந்து நிற்கிறது.

சீனாவில்: அளவீடு இலக்கானபோது

சீன அறிவியல் தொழில்நுட்பச் சங்கம் 1992 முதல் இத்தகைய கணக்கெடுப்புகளை நடத்தி வருகிறது. சராசரி மதிப்பெண்ணுக்குப் பதிலாக, குறிப்பிட்ட தகுதி எல்லையைத் தாண்டியோரின் விழுக்காடு அங்கே வெளியிடப்படுகிறது. 2010-இல் அது 3.27 விழுக்காடு. 2015-இல் 6.20 விழுக்காடு. 2020-இல் 10.56 விழுக்காடு. மக்களின் அறிவியல் எழுத்தறிவை உயர்த்துவதற்கான தேசியத் திட்டம் 2006-இல் அறிவிக்கப்பட்டது. 2020-க்குள் 10 விழுக்காட்டை எட்டுவது அரசின் இலக்காக இருந்தது. அருங்காட்சியகங்களும் ஊர்தோறும் செல்லும் அறிவியல் கண்காட்சி வண்டிகளும் பெருகின. ஓர் ஆய்வாளரின் அளவுகோலாகத் தொடங்கிய வினாத்தொகுப்பு, ஓர் அரசின் திட்ட இலக்காக மாறியதற்கு இது எடுத்துக்காட்டு. எல்லையை எங்கே வைப்பது என்பதைப் பொறுத்தே விழுக்காடு அமைவதால், இந்த எண்களைப் பிற நாடுகளின் சராசரிகளோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

மதிப்பீடு

குறைகள் பல இருந்தும் இவ்வினாத்தொகுப்பு கைவிடப்படவில்லை. ஒரே வினாவைப் பல ஆண்டுகள் மாற்றாமல் கேட்பதால்தான் ஆன்டிபயாடிக் பற்றிய அறிவு உயர்ந்ததை அறிய முடிந்தது. ஒரு தொடரைச் சேர்த்துக் கேட்டதால்தான் அறியாமையையும் மறுப்பையும் பிரித்தறிய முடிந்தது. தனி வினாக்களின் விடைகள், மொத்த மதிப்பெண்ணைவிடத் தெளிவான செய்திகளைத் தந்துள்ளன.

பள்ளியில் ஆசிரியர்கள் இதை நெடுங்காலமாக அறிவர். ஒரு மாணவர் நூற்றுக்கு ஐம்பது பெற்றார் என்பதைவிட, எந்த வினாவில் தவறினார், ஏன் தவறினார் என்பதே அடுத்த பாடத்தை நடத்த உதவுகிறது. 1957 முதல் நடந்த ஆய்வுகள், ஒரு நாட்டின் மக்களை மதிப்பிடும்போதும் அதே கவனம் தேவை என்பதைக் காட்டுகின்றன.